ஓரகத்தியின் ஸ்பானிஷ்

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஒன்பது வருடமாக அறைகளைச் சுத்தம் செய்து, மேசை பரிமாறி வந்தவள் விஜயலெட்சுமி. அவளுடைய கொழுந்தனைக் கட்டிய விதுஷா அங்கே சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒருநாள் மேனேஜர் சேந்தன் எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ரெண்டு மாசத்தில ஸ்பெயின் ஆக்கள் வரத் தொடங்குவினம். கனபேருக்கு இங்கிலீஷ் ஓடாது. ஆராவது அவையின்ர பாஷை கொஞ்சம் பழகினா, அவையைக் கவனிக்கிற பொறுப்பு அவருக்குத்தான்."

விஜயலெட்சுமி யோசித்து முடிப்பதற்குள் விதுஷா கையைத் தூக்கிவிட்டாள். "நான் பழகுறேன் சேர்."

சேந்தன் சந்தோசமாகத் தலையாட்டினார். ஒன்பது வருடக்காரியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு பேருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. விதுஷா தன் வீட்டுக் கதவு, கண்ணாடி, கேத்தல் எல்லாவற்றிலும் ஸ்பானிஷ் பெயர் எழுதி ஒட்டினாள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்; அதையும் தனிச் சொல்லாக இல்லாமல், 'கதவைத் திறங்க', 'தண்ணி வேணுமா' என்று வாக்கியமாகவே படித்தாள். ஒரே மூன்று நிமிட உரையாடலைப் போனில் வாரம் முழுக்கக் கேட்டு, தலை சீவும்போது கூடவே சத்தமாகச் சொன்னாள். தப்பாக வந்தால் சிரித்துவிட்டு மறுபடி சொன்னாள். அந்தச் சிரிப்புத்தான் விஜயலெட்சுமிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"தம்பி பொஞ்சாதிக்கு என்னா மூள பாத்தியா!" என்றான் அவள் புருசன் ரமேஸ். அவள் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்த சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் அவள் நேராகச் சேந்தனிடம் போனாள். "சேர், விதுஷா வேல நேரத்துல காதுல வயர மாட்டிக்கிட்டே இருக்கா. கட்டில் விரிப்புக்கூட ஒழுங்கா போடுறதில்ல." விரிப்பைப் பற்றிச் சொன்னது பொய்.

அன்றே வேலை நேரத்தில் போன் கூடாது என்று கட்டளை வந்தது.

சாயங்காலம் விதுஷா முகம் வாடி வந்தாள். "அக்கா, யாரோ என்னைய போட்டுக் குடுத்துட்டாங்க. இனி நீங்கதான் ஒதவணும். யார்கிட்டயாவது பேசிப் பேசிப் பழகினாத்தான் நாக்கு வரும். வேல செய்றப்ப நான் கேக்குறதுக்கு பதில் சொல்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல விஜயலெட்சுமிக்கு வாய் வரவில்லை.

துணி மடிக்கும்போதும் பாத்திரம் துடைக்கும்போதும் பாடம் நடந்தது. மேசைக்கு 'மேசா', காலில் போடும் சப்பாத்துக்கு 'சப்பாத்தோ', துடைக்கிற துவாய்க்கு 'தொவாயா', தேயிலைக்கு வெறும் 'தே'. பாதி நம் பேச்சு மாதிரியே இருக்க, விஜயலெட்சுமிக்கு ஒரு தடவை கேட்டதும் பிடித்துக்கொண்டது. 'கொன்' என்றால் சேர்த்து, 'சின்' என்றால் இல்லாமல். சீனி சேர்த்து, சீனி இல்லாமல் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். தன்னாலும் முடிகிறது என்று தெரிந்த பிறகும் அவளுடைய பொறாமை குறையவில்லை. அந்த இடம் தனக்கே வேண்டும் என்று தோன்றத் தொடங்கியது.

முதல் கூட்டம் வந்த காலையில் விதுஷா வாசலில் நின்று பிசகில்லாமல் வரவேற்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். பின்னால் நின்ற விஜயலெட்சுமி கையில் இருந்த தட்டைச் சாக்காக வைத்துக் கைதட்டாமல் இருந்தாள்.

பிறகு ஒரு வயசான அம்மா கையில் மாத்திரையோடு வேகமாக ஏதோ கேட்டார். விதுஷா 'தே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேநீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா இல்லை என்று தலையாட்டி மறுபடி கேட்டார். விதுஷா ஓடிப்போய் இன்னொரு கோப்பை, இன்னும் கடுஞ்சாயமாகக் கொண்டுவந்தாள். அந்த அம்மா கேட்டது 'சின் தே': தேயிலை போடாத வெறும் சுடுதண்ணீர். விஜயலெட்சுமிக்கு அது முதல் தடவையே விளங்கியிருந்தது. ஆனாலும் வாய் திறக்காமல், விதுஷாவின் நெற்றியில் வேர்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை அந்த அம்மா இவள் பக்கம் திரும்பிக் கேட்டார். விஜயலெட்சுமி சுடுதண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தட்டினார். சேந்தன் ஆச்சரியப்பட்டு, "அட, நீங்களும் பழகிப்போட்டியள்! இனி மேசை உங்கட பொறுப்பு, தோட்டம் சுத்திக் காட்டுறது விதுஷா" என்றார்.

விதுஷாவின் முகம் சுருங்கியது. இரண்டு மாதமாகத் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று விஜயலெட்சுமிக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவளே சொன்னாள். "போன் விசயத்த சேர்கிட்ட சொன்னது நான்தான். ஒன்மேல பொறாம. இன்னைக்கும் தெரிஞ்சே சும்மா நின்னேன்."

விதுஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்கள நம்பித்தானே சொல்லிக் குடுத்தேன்," என்றுவிட்டு வேகமாக முன்னால் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் அவள் பேசவில்லை. ஆனால் விருந்தாளிகள் முன்னால் பேசாமல் இருக்க முடியாது. அதனால் தட்டு, தண்ணீர், நன்றி என்று இருவருக்கும் இடையில் ஸ்பானிஷ் மட்டும் ஓடியது. விருந்தாளிகள் ரசித்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் சாப்பாட்டு மேசையருகே விதுஷா சொன்னாள்: "லா குச்சாரா எஸ்தா சூசியா."

கடைசிச் சொல் விஜயலெட்சுமிக்குத் தெரியாது. இவள் இன்னும் எத்தனை சொல் அதிகமாகத் தெரிந்து வைத்திருக்கிறாளோ என்று பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பியது. அதை விழுங்கிக்கொண்டு, தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

"சூசியான்னா என்ன, விதுஷா?"

விதுஷா அந்தக் கரண்டியை எடுத்து அவளிடம் நீட்டி, தமிழிலேயே சொன்னாள்.

"அழுக்கா இருக்குன்னு அர்த்தம். கரண்டிய மாத்துங்க அக்கா."