எல் எழுத்துக்கு இடமில்லை

எங்கள் ஆஸ்பத்திரியில் கிளீனிங், அட்டெண்டர், ரிப்பேர், லாண்ட்ரி, எலெக்ட்ரிகல் என்று ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே பெயர்: சி.ஏ.ஆர்.எல்.இ. எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கும். ஆனால் ஐந்து பிரிவுக்கும் அதில் இடம் இருந்தது.

புதிதாக வந்த நிர்வாக அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. சேர்த்துப் படித்தால் ஒரு சொல்லாக வர வேண்டுமாம். லாண்ட்ரிக்கான எங்கள் எல் எழுத்தைத் தூக்கினார். 'கேர்' என்று வந்துவிட்டது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லாண்ட்ரி கிளீனிங்குலயே அடக்கம்மா," என்றார். போய்த் தொலையட்டும் என்று விட்டேன். முதல் தேதி வருகைப் பதிவேடு வந்தது. நான்கு பிரிவு, நான்கு தாள். என்னையும் சேர்த்து லாண்ட்ரி ஆட்கள் ஆறு பேருக்கும் எதிலும் ஒரு வரிகூட இல்லை.

போய்க் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் நாலு பிரிவுதாம்மா எடுக்குது. அடுத்த மாசத்துலேருந்து துணியை வெளியில குடுத்துடலாம்னு ஒரு யோசனை."

பெயர் வாயில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக ஆறு பேருக்கு வேலை போகிறது! இஸ்திரி அண்ணனின் முழங்கையில் பாய்லர் சுட்ட வடு இருக்கிறது. அது எந்த எழுத்தில் அடக்கம்?

மறுநாள் பெயர்ப்பலகைத் திறப்பு விழா. வார்டு விரிப்புகள் முந்நூறும் ஆபரேஷன் தியேட்டர் துணிகளும் காலை ஆறு மணிக்கே போய்விட்டன. நோயாளிகள் மேல் எனக்கென்ன கோபம்? மேடையின் மேஜை விரிப்பையும் நாற்காலி உறைகளையும் மட்டும், வெளுத்து மடித்து, என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஒன்பதரைக்கு அதிகாரி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "டைரக்டர் கிளம்பிட்டாரும்மா! விரிப்பு எங்க?"

துணி கேட்கும் சீட்டை நீட்டினேன். புதிதாக அச்சடித்தது, பிரிவுக்கு ஒன்றாக நான்கு கட்டம். "எந்தக் கட்டத்துல டிக் போடணும் சார்?"

"விளையாடாதீங்க."

"ஆறு பேர் வயித்துல அடிச்சிட்டு, நான் விளையாடுறேன்னு சொல்றீங்களா? அஞ்சாவது தாள் சேருங்க. லாண்ட்ரின்னு எழுதி, ஆறு பேரையும் எழுதிக் கையெழுத்து போடுங்க."

போட்டார். பேனா தாளைக் கிழிக்காத குறை.

"பலகையிலயும் சேர்த்தா வாயில வராதும்மா," என்று முனகினார்.

"எழுத்தெழுத்தா சொல்லுங்க சார். இத்தனை வருஷம் எங்களுக்கு வாய் வலிக்கல. எங்க, ஒரு தடவை சொல்லுங்க."

கடிகாரத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"சி... ஏ... ஆர்..."

நிறுத்தினார். நான் நகரவில்லை.

"எல்," என்றார்.