தள்ளாடும் குஞ்சுகள்

ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அந்த ஜன்னலில்லாத அறைதான் அவளுக்கு உலகம். எலி கடித்தால்கூட, "சும்மா இருங்க மாப்பிள்ளை" என்று அதட்டிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவாள்.

புதிதாக வந்த எலி வம்சம்தான் அவளைக் கலங்கடித்தது. பிறந்து இரண்டு வாரம்வரை எல்லாக் குஞ்சுகளும் ஒன்றுபோல இருந்தன. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும், நாலில் ஒன்று காலை அகட்டி, தலை ஆட, இரண்டடி வைத்துச் சாய்ந்தது. தட்டுத்தடுமாறி எழுந்தது. மறுபடி சாய்ந்தது.

அவள் தம்பி அப்படித்தான் நடப்பான்.

தம்பி ஆறு வயதில் போய்ச்சேர்ந்து முப்பது வருஷம். கைக்குழந்தையாக இருந்தவனை இடுப்பிலிருந்து நழுவவிட்டவள் அவள்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. யாரும் பார்க்கவில்லை. தலையில் வீங்கிய இடத்தைத் தடவித் தூங்கவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கே எது விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்குவாள்.

ஆராய்ச்சி செய்யும் அம்மாளிடம் மென்று விழுங்கிக் கேட்டாள். "கீழ விழுந்தா இப்படி ஆகுமா மேடம்?"

"இதுங்க எங்கயும் விழலையே" என்று அவர் திரையில் இரண்டு மூளைப் படங்களைக் காட்டினார். நல்ல எலியின் சிறுமூளையில் மடிப்பு மடிப்பாக இருந்தது. மற்றதில் சின்னதாக, மடிப்பே இல்லாமல் ஒரு மேடு. "அப்பா எலியும் அம்மா எலியும் நல்லாத்தான் ஓடுது. ஆனா ரெண்டுகிட்டயும் ஒரு மரபணுப் பிழை ஒளிஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே குஞ்சுக்கு வந்து சேர்ந்தா, நடையைத் தடுமாறாம வச்சிருக்கிற சிறுமூளை வளராது."

"மனுஷங்களுக்கு?"

"இந்த மாதிரி வரும். ஆனா ஆளைப் பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அம்மா கை நிற்கவில்லை.

"நீ போட்டதால இல்லடி. அதுக்கு முன்னாடியே பால் குடிக்கும்போது அவன் தலை ஆடும். எனக்குத் தெரியும்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. நீ இதை மனசுல வச்சுப் புழுங்குறேன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

அவளுக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கியது போல இருந்தது. அப்போதுதான் அம்மா, மடித்த சட்டையை மறுபடி பிரித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏற்கனவே ஒண்ணு அப்படிப் பாத்தவதானே நான்."

"எது ஒண்ணு?"

"உனக்கு மூத்தவ. ரெண்டு வயசு வரைக்கும் இருந்தா. உட்காரக்கூட வரல அவளுக்கு."

வீட்டில் அந்த அக்காவுக்கு ஒரு படம்கூட இல்லை. யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பேரு வச்சீங்களா?"

அம்மா பிரித்த சட்டையை மடியில் வைத்தாள். "வச்சோம். அவ போனப்புறம் நீ பொறந்தே. அந்தப் பேரையே உனக்கு வச்சுட்டோம்."

மறுநாள் கூண்டு கழுவிக்கொண்டிருந்தபோது ஆராய்ச்சி அம்மாள் வாசலில் நின்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் மெல்லத் திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்தாள்.