அம்மா அனுப்பிய மிட்டாய்

அங்கன்வாடியில் நடந்த முகாமுக்கு வந்த பல் டாக்டர் மானசா என் மகளின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏழு பற்கள் சொத்தை என்றார். மெர்லினுக்கு நாலரை வயது. இருப்பதே இருபது பல்.

எனக்குப் புரியவில்லை. வீட்டில் நான் இனிப்பு வாங்குவதில்லை. ஜெனிட்டா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு எதையுமே அதிகம் வாங்குவதில்லை. காலை ஏழு மணிக்குத் திருப்போரூர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மெர்லின் அங்கன்வாடிக்குப் போவாள், பிறகு எதிர்வீட்டு சந்திரம்மாவிடம் இருப்பாள். காலையில் நான்தான் பல் தேய்த்துவிடுகிறேன். தேய்த்துவிடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால் பல்தானே, விழுந்து முளைக்காதா என்று கேட்டேன். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் டாக்டர். சொத்தை வேர் வரை போனால் அடியில் வளரும் பல்லையும் கெடுக்குமாம். வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லையா என்றார். சொன்னாளா? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

வெளியே வந்ததும் மெர்லினிடம் யார் மிட்டாய் தருகிறார்கள் என்று கேட்டேன்.

“அம்மா.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மாதான். குடுத்து அனுப்புது.”

அவளை நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி டீச்சர் அன்பரசி தெருவாரைக் கூட்டினார். இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினான்கு பேருக்குச் சொத்தை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் சேர்ந்து பல் தேய்க்க வேண்டும், அதற்குப் பிள்ளைகள் உயரத்தில் குழாய்கள் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து பல்லில் மருந்து பூசுவார் என்றார். குழாய்க்கு இந்த வருடம் அரசுப் பணம் வராது என்றும் சொன்னார்.

விழாக் குழுத் தலைவர் பன்னீர்செல்வம், ஆடித் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டுவதைப் பாதியாகக் குறைத்து அந்தப் பணத்தைத் தருவதாகச் சொன்னார். பிறந்தநாளுக்கு அங்கன்வாடியில் சாக்லேட் கொடுப்பவர்கள் இனி பிரஷ் கொடுக்கட்டும் என்று முடிவானது.

“அப்ப என் கடைக்குப் பூட்டு வாங்கவும் ஒரு வசூல் பண்ணு, அண்ணாத்த” என்றார் பெட்டிக்கடை ஜான்சன். சிரித்தார்கள்.

மெர்லின் சொன்னதை அன்பரசியிடம் முன்பே சொல்லியிருந்தேன். பிறகு அவர், மெர்லினுக்கு யார் மிட்டாய் தருவது என்று கேட்டார். சிரிப்பு நின்றது.

சந்திரம்மாதான் முதலில் பேசினார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பிள்ளை அவர் வாசலுக்கு வந்து அம்மா எங்கே என்று கேட்டதாம். அப்போது இவர் கையில் தேன்மிட்டாய் இருந்ததாம். அம்மா அனுப்பினாள் என்று கொடுத்துவிட்டாராம். நானும்தான் என்றார் பன்னீர்செல்வம். ஜான்சனும் தலையை ஆட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக. பதினோரு மாதமாகத் தெருவே என் மனைவியின் பெயரில் மிட்டாய் கொடுத்திருக்கிறது. கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

“இப்ப நிறுத்துனா, அம்மா என்னிய மறந்துட்ச்சானு புள்ள கேக்கும்” என்றார் சந்திரம்மா. “நீ இன்னா சொல்லுவ, ஸ்டான்லி?”

பிரஷ்ஷை அம்மா அனுப்பியதாகச் சொல்லிவிடலாம் என்றார் பன்னீர்செல்வம். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. நான் பேசாமல் இருந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை மாதத்தில் குழாய்கள் வந்தன. சுவரில் இருபத்திரண்டு ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரஷ், மேலே ஒரு படம். மெர்லினுக்கு ஆமை. அன்று விடுப்பு எடுத்திருந்தேன். சந்திரம்மா வேலிக்கு வெளியே நின்று, சொல் சொல் என்று சைகை காட்டினார்.

குனிந்து உட்கார்ந்தேன். ஆணியில் தொங்கிய ஆமைப் பிரஷ்ஷை மெர்லினுக்குக் காட்டினேன்.

“இது தெருவுல எல்லாரும் சேர்ந்து வாங்குனது” என்றேன் மெதுவாக. “அம்மா அனுப்பல. மிட்டாயும் அம்மா அனுப்பல.”

மெர்லின் என்னைப் பார்த்தாள். காதருகே வந்தாள்.

“தெரியும், டாடி. அம்மாவப் பொட்டில வெச்சு எடுத்துகினு போனாங்கல்ல. பாத்தேன்.”

“அப்புறம் ஏன் வாங்குன?”

“வேணாம்னா எதிர்வீட்டு அத்த அழுவுது. வாங்கிக்கினா சிரிக்குது.” கொஞ்சம் யோசித்தாள். “ஜான்சன் மாமா ரெண்டு குடுக்கும்.”

அன்பரசி கூப்பிட்டார். அவள் ஆமைப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினாள். டீச்சர் அதில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தார்.

நான் வேலிப் பக்கம் போனேன்.

“இன்னா சொல்லிச்சு?” என்றார் சந்திரம்மா. கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

“அம்மா அனுப்புச்சான்னு கேட்டா. ஆமான்னேன். சந்தோசமா வாங்கிக்கினா, அக்கா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சந்திரம்மா சிரித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தேன்மிட்டாயை எடுத்தார். வாய் நிறைய நுரையோடு நின்ற மெர்லினைப் பார்த்தார். பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.