கூடாரத்தருகே ஒரு கீற்றுச் சிவப்பு

புருல்சா அந்த ஓவியத்தில் மலையை மலை மாதிரி வரையவில்லை. நீலத்தின் மேல் நீலம், அதன் மேல் சாம்பல் பூத்த பச்சை என்று அட்டை வெட்டி அடுக்கியது போலப் பட்டை பட்டையாக ஏற்றியிருந்தாள். அடிவாரத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கூடாரம். முடித்துவிட்டுப் பார்த்தால் அவளுக்கே குளிரெடுத்தது. ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் ஜோல்தோஷ் குளிர்காலம் முழுக்கப் போன் செய்யவில்லை. அந்தத் தவிப்பெல்லாம் படத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதோ என்னவோ. கொஞ்சம் சூடு இருக்கட்டும் என்று கூடாரத்தருகே ஒரு கீற்றுச் சிவப்பை இழுத்தாள். மனசுக்கு இதமாக இருந்தது. வசந்த விழாக் கண்காட்சிக்கு ஊர் மன்றத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள்.

இளவயது ஆண்பிள்ளை செத்துப்போனால் அந்த வீட்டுக் கூடாரத்தில் சிவப்புக் கொடி கட்டுவது கிர்கிஸ் வழக்கம். புருல்சாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வண்ணம் குழைத்த நேரத்தில் பாழாய்ப்போன புத்திக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஊர் ஆண்கள் ஓலமிட்டபடியே அவள் வாசலுக்கு வந்தார்கள். சாவு வீட்டுக்கு அப்படித்தான் வருவார்கள். புருல்சா கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு ஷேர்குல் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாருடி சொன்னா? எப்ப போனான் என் புள்ள?"

"எங்களக் கேக்கறியே அக்கா. நீதானே படத்துல கொடி கட்டியிருக்க. வாயால சொல்ல முடியாம வரைஞ்சு வெச்சிருக்கேன்னு நெனச்சோம்."

புருல்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது கொடி இல்லடி. படம் ரொம்பக் குளிருதேன்னு வெச்சேன்."

"நல்லா வெச்ச போ" என்றார் ஒரு பெரியவர். "சாவுச் சாப்பாட்டுக்குன்னு நான் ஆட்டை வேற அறுத்துட்டேன்."

அழுதவர்களெல்லாம் சிரித்தார்கள். குளிர்காலம் முழுக்க ஆள் நடமாட்டமே இல்லாத வீட்டில் இன்று உட்கார இடமில்லை. இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்று அவளுக்குக் கெஞ்சத் தோன்றியது. தேநீர் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். வெறும் கிண்ணங்களுக்கு நடுவே முன்னைவிடத் தனியாக இருந்தாள்.

மத்தியானம் போன் அடித்தது.

"அம்மா, நான் செத்துட்டேன்னு ஊரே பேசுதாமே. பயப்படாத. உசுரோடதான் இருக்கேன்."

ஜோல்தோஷின் குரலைக் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"அதச் சொல்றதுக்கு நீ செத்துதான் ஆகணுமாடா?" என்றாள்.