சிரித்தவர்தான் சொல்லித்தர வேண்டும்

மரிவிக் பிலிப்பைன்ஸில் இலோய்லோ ஊர்க்காரி. இந்தோனேசிய மொழி படிக்கவென்று ஜாவாத் தீவின் சோலோ நகரத்துக்கு வந்தபோது, தன் முகமே தனக்கு இடைஞ்சலாக நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

உடன் படிக்கும் யோஸ்ட் நெதர்லாந்துக்காரன். சந்தையில் அவன் ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை உளறினால் போதும். “தம்பி என்ன அழகா பேசுது பாரு” என்று வாழைப்பழ பஜ்ஜி ஒன்றைக் கூடுதலாகக் கட்டித் தருவாள் கடைக்காரி. மரிவிக்கைக் கண்டால் அதே கடைக்காரி, உள்ளூர்ப் பெண் என்று நினைத்து, வீட்டில் பேசுகிற ஜாவா மொழியில் படபடவென்று கொட்டுவாள். கல்லூரியிலோ இந்தோனேசிய மொழி மட்டும்தான். அவள் திருதிருவென்று விழிப்பாள். கடைக்காரி உதட்டைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கடையிடம் ஏதோ சொல்வாள். சொல் புரியாவிட்டாலும் சுளிப்பு புரிந்தது.

இரண்டு மாதம் இப்படியே போனது. வகுப்பில் அவள் வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. பொறுப்பாசிரியர் கூப்பிட்டு, “இங்கிலீஷ்ல நடக்கிற வகுப்புக்கு மாறிக்கிறியாம்மா? பல பேர் மாறியிருக்காங்க, தப்பே இல்ல” என்றார்.

“ஒரு வாரம் டைம் குடுங்க சார்.”

அவள் தங்கியிருந்தது வார்த்தினி அம்மாவின் வீட்டில். அன்று சாப்பிடும்போது அவரிடம் கேட்டாள்: “அம்மா, நான் தப்பா பேசினா திருத்துங்களேன்.”

“நீ நல்லாத்தானே பேசறே, கண்ணு. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ.”

வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திருத்துவது வார்த்தினி அம்மாவுக்கு வராத காரியம். தன்னைத் திருத்துகிற ஆள் இந்த வீட்டுக்குள் கிடைக்கப்போவதில்லை என்று மரிவிக்குக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சமைப்பது அங்கே வழக்கம். வார்த்தினி அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “நீ வேணாம்மா, ஒரே புகை” என்று அவர் சொல்லச் சொல்ல மரிவிக்கும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கல்யாண வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ, சாப்பிட்டாயா என்று ஜாவா மொழியில் கேட்டார்கள். வார்த்தினி அம்மாவின் வாயிலிருந்து பொறுக்கிவைத்திருந்த மரியாதைச் சொல்லை மரிவிக் தைரியமாக எடுத்து விட்டாள். அந்த மொழியில் பெரியவர்கள் சாப்பிட்டால் ஒரு சொல், தான் சாப்பிட்டால் வேறு சொல். அவள் சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது: “நான் அமுது செய்தருளிவிட்டேன்.”

கொல்லையே சிரித்து ஓய்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் ரூமி. நாற்பது வயதிருக்கும், தெருவே அஞ்சுகிற வாய். “மகாராணி அமுது செஞ்சாச்சாம்டி, பல்லக்கைக் கொண்டாங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மரிவிக்கின் காதெல்லாம் சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று கால் துடித்தது. வார்த்தினி அம்மாவும் “வா, வீட்டுக்குப் போலாம்” என்று கையைப் பிடித்தார். அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ரூமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்கதான் ரொம்பச் சிரிச்சீங்க. அப்ப சரியானது எதுன்னு நீங்கதான் சொல்லித் தரணும்.”

ரூமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எந்த ஊருடி நீ?”

சொன்னாள்.

“அடிப்பாவி, நம்ம பொண்ணுன்னுல்ல நெனச்சேன். திமிர் பிடிச்சு பேசாம போறான்னு தெருவே சொல்லுதே.” பிறகு ஒரு பலாக்காயை அவள் மடியில் தள்ளினாள். “நறுக்கு. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. தப்பு விட்டா சிரிப்பேன், முன்னாடியே சொல்லிட்டேன்.”

சிரித்தாள், இரக்கமே இல்லாமல் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மரிவிக் “எங்க தப்பு?” என்று கேட்டாள், திரும்பச் சொன்னாள். மறுநாள் வகுப்பு முடிந்ததும் கொல்லைக்கே ஓடினாள். போகிற வழியில் பொறுப்பாசிரியரிடம், “நான் மாறல சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் குழம்பில் அவள் இரண்டாவது முறையாக உப்பைப் போட்டுவிட்டாள். “கண்ணை எங்கடி வச்சிருக்கே? இதை யாரு வாயில வைப்பா?” என்று ரூமி பிடிபிடியென்று பிடித்தாள். வார்த்தினி அம்மா பதறிப்போய், “அவ வாயே அப்படித்தான், மனசுல வச்சுக்காதே” என்றார்.

“திட்டினது மொத்தமும் புரிஞ்சுதும்மா” என்றாள் மரிவிக். உப்பு தணியக் குழம்பில் போட நாலு தேங்காயை உடைத்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணத்தன்று வந்திருந்த ஒரு பெரியவர், தேநீர்த் தட்டோடு நின்றவளைப் பார்த்து இது யார் வீட்டுப் பெண் என்று ரூமியைக் கேட்டார்.

“வெளிநாட்டுப் பொண்ணு, ஐயா. பேச்சு இன்னும் சரியா வரல. ஆனா விடமாட்டா, கத்துக்குவா.”

இந்த ஊருக்கு வந்த பிறகு தன்னைப் பற்றி ஒருவர் உள்ளதை உள்ளபடி சொல்லி இப்போதுதான் கேட்கிறாள். பெரியவர்கள் அருந்துவதற்கான மரியாதைச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவரிடம் தட்டை நீட்டினாள்.