டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு பொட்டு

ஐலீன் பூந்தொட்டிகளை முன்கூட்டியே வாங்கிவிட்டார். அவை போர்ச்சின் சுவரோரம் காலியாக வரிசையில் உட்கார்ந்து, கார் எப்போது போகும் என்று காத்திருந்தன. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவை வாயைப் பிளந்துகொண்டு தன்னைப் பார்ப்பதாக மரியநாதனுக்குத் தோன்றியது.

புருஷன் பெண்டாட்டி ஒப்பந்தம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் வாகனங்களுக்கு ஆசீர்வாதம். மரியநாதனின் பழைய கார் சொந்த எஞ்சினில் ஓடி அந்த வாசலுக்குள் நுழைந்தால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை பழைய இரும்பு வாங்கும் பெசி புரோக் ஆள் லாரியோடு வந்து எடுத்துப்போவான். போர்ச்சில் கறிவேப்பிலை வளரும்.

"தள்ளிக்கிட்டு வந்தா கணக்கில்ல," என்றார் ஐலீன். "கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாலும் கணக்கில்ல. எனக்கு உங்களத் தெரியும்."

பெர்மாஸ் ஜெயாவின் அந்த வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் மூர்த்தி. தெப்ராவ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். செத்துப்போன எஞ்சினை இறக்கிவிட்டு, எங்கோ வேறொரு காரில் ஓடிய எஞ்சினை ஏற்றியது அவர்தான். கடல் பார்க்காத திமிங்கலம் மாதிரி அது சங்கிலியில் தொங்கியபடி போர்ச்சுக்குள் வந்ததைத் தெருவே நின்று பார்த்தது. எல்லாம் பொருந்தியது. ஆனால் அதனோடு டிஸ்ட்ரிபியூட்டர் வரவில்லை. பண்டார் தெங்காராவில் ஒரு பட்டறை மூலையிலிருந்து மூர்த்தி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அது வேறு ஜாதி எஞ்சினுடையது.

நான்கு பிளக்குகளுக்கும் முறை தவறாமல் தீப்பொறியைப் பங்கு போடுவது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அதன் கறுப்பு மூடியில் நான்கு முளைகள், சின்னக் கோட்டையின் கோபுரங்கள் போல. ஒவ்வொரு முளையிலிருந்தும் ஒரு பிளக்குக்கு ஒரு வயர். எந்த முளை ஒன்றாம் நம்பர் என்று தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வரும். தெரியாவிட்டால், பந்தியில் கடைசி இலைக்கு முதலில் பாயசம் ஊற்றிய மாதிரி எல்லாம் கெட்டுவிடும்.

"உள்ள போகுது அண்ணே," என்றார் மூர்த்தி. "ஆனா போல்ட் ஓட்டை ஒரு விரல் தள்ளி நிக்குது."

"அப்ப?"

"அரத்தால ராவிருவோம்."

சனிக்கிழமை காலை முழுதும் ராவினார்கள். பிறகு மரியநாதன் முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். மூர்த்தி ஸ்பேனரால் எஞ்சினை மெல்லத் திருப்பினார். காற்று விரலைத் தள்ளியபோது மரியநாதனின் முகத்தில், குழந்தை உதைப்பதை வயிற்றில் தொட்டுப் பார்த்தவரின் பரவசம்.

"நிறுத்து, நிறுத்து. வந்துருச்சு."

மூர்த்தி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "சுவர் பக்கத்து முளைதான் ஒண்ணாம் நம்பர். மறக்கறதுக்குள்ள ஒரு புள்ளி வைங்க. அக்காகிட்ட நெயில் பாலிஷ் கேட்டுப் பாருங்க. நான் போய்ச் சாப்பிட்டு வந்துர்றேன்."

மரியநாதன் உள்ளே போய்க் கேட்டார்.

"காடிக்கு மேக்கப் வேறயா?" என்றார் ஐலீன்.

"ஒரு சொட்டு போதும்லா."

"நாளைக்கு நான் போட வச்சிருக்கேன். சாப்பிட வாங்க."

தோற்றுப்போய், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது மூடியில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மூர்த்தி கெட்டிக்காரன், எதையோ வைத்துச் சமாளித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் வந்த மூர்த்தியும் புள்ளியைப் பார்த்தார். அண்ணன் அக்காவிடமிருந்து வாங்கியே விட்டாரே என்று அவருக்கு வியப்பு. சுவர் பக்கம் என்றுதான் ஞாபகம், புள்ளியோ முன்பக்க முளையில் இருந்தது. பசியில் தப்பாகப் பார்த்திருப்போம் என்று விட்டுவிட்டார். நெயில் பாலிஷ் கிடைக்காத கதையைச் சொல்ல விரும்பாததால் மரியநாதனும் எதுவும் கேட்கவில்லை.

புள்ளியிலிருந்து வரிசையாக வயர்களை மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் கார் இருமியது, தும்மியது, பிறகு வெடித்தது. ஜூலை மாதத்தில் யார் பட்டாசு விடுவது என்று தெருவின் வாட்சப் குழுவில் ஒருவர் கேட்டார்.

"அலமாக்," என்றார் மூர்த்தி. "நான்தான் சொன்னேன்ல, இது வேற குடும்பத்துப் பொருள். இன்னும் கொஞ்சம் ராவணும்."

ராவினார்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இடப்பக்கம் திருப்பினால் வெடித்தது. வலப்பக்கம் திருப்பினால் புகையோடு வெடித்தது. பொழுது சாயும்போது போல்ட் ஓட்டை காதுவரை சிரிக்கும் வாய்போல நீண்டிருந்தது. பூந்தொட்டிகளும் சிரித்தன.

ஞாயிறு காலை ஐலீன் பட்டுச் சேலையில் கிராப் வாடகை வண்டி ஏறினார். "நான் சர்ச் கேட்டுகிட்ட நிப்பேன்," என்று மட்டும் சொன்னார். இரண்டு ஆண்களின் தலையும் பானெட்டுக்குள் இருந்தது.

மூர்த்தியின் மனைவி புஷ்பவள்ளி கையில் காப்பியோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "இன்னுமா ஓடல? நான் பொட்டு வச்சுங்கூடவா?"

மூர்த்தி மெதுவாக நிமிர்ந்தார். "என்ன பொட்டு?"

"நேத்து மத்தியானம். புதுச் சாமான் மாட்டறீங்க, ஒரு குங்குமம் வைக்க உங்களுக்குத் தோணாது. அதான் நான் வந்து வச்சேன்."

"எந்த இடத்துல வச்ச?"

"முன்னாடி. பாக்க லட்சணமா இருந்துச்சு."

மரியநாதன் விரலால் புள்ளியைத் தொட்டார். விரல் நுனி சிவந்தது. அவர் மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி அரத்தைப் பார்த்தார்.

"நீ வச்சதுன்னு நெனச்சேன்டா."

"நீங்க வச்சதுன்னு நான்..."

"அப்ப சுவர் பக்கம்."

"சுவர் பக்கம்தான் அண்ணே. முதல்லயே சொன்னேன்."

நான்கு வயர்களையும் ஒரு முளை தள்ளி மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் கார், இத்தனை நேரம் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுபோல, அமைதியாக ஓடத் தொடங்கியது. புஷ்பவள்ளி காப்பியை ஒரு வாய் குடித்தார். "பாத்தீங்களா, பொட்டு வேலை செய்யுது," என்றார்.

சர்ச் வாசலில் கையைக் கட்டி நின்ற ஐலீன், காரின் பின்னால் யாராவது தள்ளுகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கயிறும் இல்லை. கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

எல்லாரும் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். மரியநாதனும் திறந்தார், ஆனால் எஞ்சினை நிறுத்தப் பயம். ஃபாதர் தீர்த்தம் தெளித்தபடி ஒவ்வொரு காராக வந்தார். தாராளமான கை அவருக்கு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் இறங்கினால் எஞ்சின் அங்கேயே அணைந்துவிடும். மரியநாதன் பாய்ந்து இரண்டு கையாலும் மூடியைப் பொத்திக்கொண்டார்.

"ஃபாதர், இங்க மட்டும் வேணாம்."

"ஏன்?"

விரல் இடுக்கில் குங்குமம் தெரிந்தது. அவருக்கு வேறு காரணம் வாயில் வரவில்லை. "இங்க ஏற்கெனவே ஆயிருச்சு ஃபாதர்."

ஃபாதர் பொட்டைப் பார்த்தார், கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைப் பார்த்தார், பிறகு டயர்களுக்கு இரண்டு மடங்கு தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

வீடு திரும்பியதும் ஐலீன் முதலில் பெசி புரோக் ஆளுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். பிறகு உள்ளே போய் நெயில் பாலிஷ் பாட்டிலோடு வந்தார். "எது ஒண்ணாம் நம்பர்? காட்டுங்க."

மரியநாதன் காட்டினார். ஐலீன் சுவர் பக்கத்து முளையருகே ஒரு புள்ளி வைத்து, நகத்துக்கு ஊதுவதுபோல் ஊதினார். புஷ்பவள்ளியின் பொட்டைத் தொடவில்லை.

"அக்கா, இப்ப ரெண்டு புள்ளி இருக்கு," என்றார் மூர்த்தி கவலையாக. "அடுத்த தடவை பிரிச்சா குழம்பிருவோம்."

"அப்ப பிரிக்காதீங்க," என்றார் ஐலீன். "புஷ்பா, இந்தத் தொட்டியெல்லாம் உன் வீட்டு போர்ச்சுல வச்சுக்கறியா?"