யார் வைத்த புள்ளி

ஹஸ்ருல் அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"நிரோஷா, மயூரனோட படங்கள் கையால வரைஞ்சதுதானா?" என்று மலாயில் கேட்டார்.

லெபோ பந்தாய் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் பதிப்பகம். செடிகள், பறவைகள் பற்றிய புத்தகங்கள் மட்டும் போடுவோம். ஹஸ்ருல் உரிமையாளர். படங்களுக்கு நான் பொறுப்பு. அப்போது மலைக்காட்டு இஞ்சி வகைகளைப் பற்றி ஒரு புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. பதினெட்டுப் படங்கள். எல்லாம் கறுப்பு மையில், புள்ளிகளாலேயே நிழல் காட்டியவை. வரைந்தவன் மயூரன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவனை இங்கே கூட்டிவந்தவளே நான்தான்.

படங்களைச் சரிபார்த்த கெலுகோர் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் அனுப்பிய கடிதத்தை ஹஸ்ருல் என் பக்கம் தள்ளினார். இவ்வளவு சீராக மனிதர் யாராலும் புள்ளி வைக்க முடியாது, கணினியில் செய்து தாளில் அச்சடித்ததாகச் சந்தேகிக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

"ஒப்பந்தத்துல 'சொந்தக் கையால்'னு இருக்கு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அவர்கிட்ட இப்போதைக்கு ஒண்ணும் கேட்க வேணாம்."

கோபமாக எழுந்து வந்தேன். என் மேசையில் உட்கார்ந்ததும் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. முன்பெல்லாம் மயூரன் ஒவ்வொரு படத்தையும் தானே கொண்டுவந்து கொடுப்பான். கீழே மாமாக் சாப்பாட்டுக்கடையில் தே தாரேக் டீ குடித்தபடி எந்தப் பூவிதழ் தன்னைப் பாடாய்ப் படுத்தியது என்று சொல்லுவான். இந்த முறை பதினெட்டும் கூரியரில் வந்தன. வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. "லைன் சரியில்லக்கா" என்று பிறகு செய்தி அனுப்புவான். தனித்தனியாகப் பார்த்தபோது இவை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது சேர்த்துப் பார்க்கையில் எதையோ மறைக்கிறான் என்று பட்டது.

மறுநாள் காலை வெளிச்சத்தில் முதல் படத்தை ஜன்னலோரம் விரித்து லென்ஸை வைத்தேன்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே இத்தாலியில் செப்புத்தகட்டில் ஊசிமுனையால் குத்திக் குத்தி நிழலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு லண்டனில் அதற்கு ஒரே மோகம். பல் வைத்த குட்டிச் சக்கரத்தை உருட்டிப் புள்ளிகளை விரைவாகப் போட்டார்கள். பட்டறையில் பல பேர் குத்துவார்கள், அடியில் ஒருவர் பெயர்தான் இருக்கும். செடிகளை வரைகிறவர்கள் இந்த முறையை விடாமல் வைத்திருக்கக் காரணம் எளிமையானது. கறுப்பு மை ஒன்றை வைத்துக்கொண்டே இலையின் மேடும் குழிவும் காட்டிவிடலாம். ஆனால் ஓர் இலைக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள் வேண்டும். யாருக்கும் குறுக்குவழி தேடத் தோன்றும்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினேன். பொடிமணல் போல விரலில் நெருடியது. பேனா அழுந்திய தடம். அச்சில் அது வராது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் லென்ஸைக் கீழே வைக்க மனம் வராமல் முன்பக்கத்தை மறுபடி பார்த்தேன். இலையின் ஓரப் புள்ளிகளில் பேனா விலகும்போது விழும் சிறு வால் இருந்தது. மயூரனுக்குக் கை அவசரம், எனக்கு அந்த வால்கள் பழக்கம். இலையின் நடுவில் ஒன்றுக்குக்கூட வால் இல்லை. பேனாவை நேராக இறக்கி நேராகத் தூக்கிய, கடுகு போல வட்டமான புள்ளிகள். அடுத்த படத்தைப் பார்த்தேன். அடுத்ததையும். பத்தாவது படத்துக்கு மேல் வாலுள்ள புள்ளியே இல்லை.

இயந்திரம் இல்லை. ஆனால் அவனும் இல்லை. யாரோ படிக்கிற பிள்ளையைப் பிடித்து ஐம்பது வெள்ளி பணம் கொடுத்து வரைய வைத்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை சொல்லாமல் காடியை ஓட்டிக்கொண்டு கடற்பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அவன் மனைவி தனுஜா. பாயான் லெப்பாஸ் பக்கம் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள் என்பது தெரியும், அதிகம் பேசியதில்லை. என்னைப் பார்த்ததும் அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மயூரன் வந்தான். இளைத்திருந்தான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"பதினாலாவது படத்துல ஒரு திருத்தம் லா. இங்கேயே போட்டுக் கொடு, எடுத்துட்டுப் போயிடறேன்." பொய்தான். பையிலிருந்து ஒரு வெற்றுத்தாளையும் எடுத்தேன். "முதல்ல இதுல புள்ளி வச்சுப் பாரு."

"இப்ப வெளிச்சம் பத்தாதுக்கா."

மதியம் மூன்று மணி. ஜன்னல் திறந்திருந்தது. தாளை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் உட்கார்ந்து பேனாவை எடுத்தான். ஐந்தாறு புள்ளிகள் விழுந்தன, எல்லாம் வாலோடு. ஏழாவது புள்ளி கோடாக இழுத்துக்கொண்டு போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தான். அதுவும் கோடுதான். பேனாவை மூடிவிட்டான்.

"நான்தான் வச்சேன் அக்கா," என்றாள் தனுஜா, சமையலறை வாசலில் நின்றபடி.

நான் திரும்பினேன்.

"பதினோரு வருஷமா மைக்ராஸ்கோப்ல சிப் செக் பண்றேன். கீறல் இருக்கா, தூசி இருக்கான்னு. கை ஆடினா அங்க வேலை இல்ல. இவருக்குக் கை ஆட ஆரம்பிச்சதும், கை ஆடாத நேரம் பார்த்து கோடு நீங்க போடுங்க, புள்ளி நான் வைக்கிறேன்னேன். முடிஞ்சப்ப ஓரத்துல அவரும் வச்சார்."

"எப்பலேருந்து?"

"இந்தப் புக்குக்குத்தான்," என்றான் மயூரன் வேகமாக. தனுஜா தரையைப் பார்த்தாள்.

"தனுஜா?"

"ஓர்க்கிட் புக்ல கடைசி நாலு படமும்," என்றாள்.

அந்தப் புத்தகம் வந்து மூன்று வருடம். அதற்கு முன்னுரை எழுதி, மயூரனின் கை நாளுக்கு நாள் தெளிவடைகிறது என்று பாராட்டியவள் நான். அப்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பேராசிரியரின் கடிதத்தைப் பற்றி இருவரிடமும் சொன்னேன்.

மயூரன் பேனாவைத் தள்ளி வைத்தான். "டாக்டர் உயிருக்கு ஒண்ணுமில்லன்னுட்டார், நடுக்கம் மட்டுந்தான். ஆனா வெளிய தெரிஞ்சா யார் எனக்கு வேலை தருவாங்க? படம் நல்லாத்தானே இருக்கு? இயந்திரம் இல்லன்னு மட்டும் ஹஸ்ருல்கிட்ட சொல்லுங்கக்கா. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். சரி என்று சொல்ல வாய் திறந்தும் விட்டேன். ஏனோ அவளிடம் கேட்டேன். "நீ என்ன சொல்றே?"

அவள் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் பேரு வேணும் அக்கா."

மயூரன் நிமிர்ந்து பார்த்தான். "நீ எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே!"

"நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே."

திங்கட்கிழமை ஹஸ்ருலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் முன்னுரை உட்பட. பேராசிரியர் நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றார். தனுஜா ஒரு நாள் லீவு போட்டு எங்கள் மாடிக்கு வந்து, ஓர் இஞ்சி மொட்டின் பாதிக்கு நாற்பது நிமிடம் புள்ளி வைத்தாள். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவர் கேட்டது, "இடையில் நீங்கள் கண்ணே சிமிட்டுவதில்லையா?" என்றுதான். ஒப்பந்தத்தை மாற்றி எழுதினோம். படங்களின் அடியில் கோடு மயூரன், புள்ளி தனுஜா என்று இரண்டு பெயர்கள் வந்தன. ஓர்க்கிட் புத்தகத்தின் மறுபதிப்பிலும் திருத்தினோம்.

மயூரன் கையெழுத்துப் போட்டான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைச் சந்தேகப்பட்டு வீடு தேடிப் போனதை அவன் மன்னிக்கவில்லை. அதில் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு வார்த்தை போனில் கேட்டிருக்கலாம். அவன் தலைகுனிய வேண்டும் என்று உள்ளுக்குள் நான் விரும்பித்தான் போனேன்.

வெளியீட்டுக்கு அவன் வரவில்லை. தனுஜா காலை ஷிப்ட் முடித்து, தொழிற்சாலை அட்டை கழுத்தில் தொங்க வந்தாள். பத்தாம் பக்கத்தைத் திறந்து தன் பெயரை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அடுத்த புக்கு பெரணிச் செடி பத்தின்னு சொன்னாங்க. கோடும் நானே போட்டுப் பழகுறேன் அக்கா. அவர்தான் சொல்லித் தர்றார், திட்டிக்கிட்டே. ஒரு படம் போட்டுக் காட்டவா?"

"கொண்டு வா," என்றேன்.